இலங்கை எதை விற்கிறது, எதை வாங்குகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு புறக்கோட்டையில் நான்காம் குறுக்குத் தெருவுக்குக் காலையில் போனால் நடக்க இடம் கிடைக்காது. நாட்டாமிகள் என்று அங்கே சொல்லப்படும் சுமைதூக்கும் தொழிலாளர்கள் மூட்டைகளைத் தோளில் ஏற்றி ஓடிக்கொண்டே இருப்பார்கள். மூட்டைகளின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். பருப்பு ஆஸ்திரேலியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்திருக்கும். பெரிய வெங்காயமும் செத்தல் மிளகாயும் இந்தியாவிலிருந்து வந்தவை, நெத்தலிக் கருவாடு தாய்லாந்திலிருந்து. ஒரு சிறிய நாட்டின் வெளிநாட்டு வர்த்தகத்தை இந்தத் தெருவில் நின்றே பாதி படித்துவிடலாம். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கேள்வி பதில்கள்.

சுருக்கமாகச் சொன்னால், இலங்கை எதை விற்று எதை வாங்குகிறது?

விற்பதில் முதலிடம் தைத்த ஆடைக்கு. பிறகு தேயிலை, இறப்பர்ப் பொருட்கள் (குறிப்பாக டயர், கையுறை), தேங்காயிலிருந்து வருபவை, கறுவா, மிளகு, இரத்தினக்கல், கடலுணவு. வாங்குவதில் எரிபொருள் முன்னால் நிற்கிறது. ஆடை தைப்பதற்கான துணி, இயந்திரங்கள், கட்டுமானப் பொருட்கள், கோதுமை, சீனி, பருப்பு, பால்மா, மருந்து எல்லாம் அதன் பின்னால் வருகின்றன.

2024-இல் பொருட்களாக விற்றது ஏறத்தாழ 12.8 பில்லியன் டாலருக்கு, வாங்கியது ஏறத்தாழ 18.8 பில்லியன் டாலருக்கு. ஒரு பில்லியன் என்பது 100 கோடி. ஆக, அந்த ஓர் ஆண்டில் மட்டும் 600 கோடி டாலர் துண்டு விழுந்தது. இது ஏதோ ஓர் ஆண்டின் விபத்தும் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வோர் ஆண்டும் இறக்குமதிதான் ஏற்றுமதியை மிஞ்சி நிற்கிறது.

இறக்குமதி என்றாலே கார், அப்பிள், சொக்லேட் மாதிரி ஆடம்பரம்தானே? நிறுத்திவிட்டால் போகிறது.

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பலர் உண்மையாகவே நம்பிக் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

ஒரு சாதாரண வீட்டின் காலைச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: பாண், பருப்புக் கறி, பால் தேநீர். பாணுக்கான கோதுமை இலங்கையில் விளைவதில்லை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து திருகோணமலையிலும் கொழும்பிலும் அரைபடுகிறது. பருப்பும் வெளியிலிருந்து வருகிறது. பால்மாவில் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து, சீனியில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து. சமைக்கிற கேஸும் இறக்குமதிதான். அந்தச் சாப்பாட்டில் சொந்த மண்ணில் விளைந்தவை என்று பார்த்தால் தேயிலைத் தூள், தேங்காய், கறிவேப்பிலை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மொத்த இறக்குமதியில் பத்தில் ஆறு பங்குக்கு மேல் இடைநிலைப் பொருட்கள், அதாவது எரிபொருள், துணி, நூல், கோதுமை, உரம், இரும்பு போல வேறொன்றைச் செய்யப் பயன்படுபவை. நேரடியாக வீட்டுக்குப் போகும் நுகர்வுப் பொருட்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அதிலும் உணவும் மருந்தும் கணிசம். இறக்குமதியை ஒரேயடியாக வெட்டினால் முதலில் அடிபடுவது பணக்காரரின் கார் இல்லை, தையல் ஆலையும் பேக்கரியும்தான்.

இவ்வளவு துண்டு விழுந்தும் நாடு எப்படி ஓடுகிறது?

வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் அனுப்பும் பணத்தில். 2024-இல் அப்படி வந்தது ஏறத்தாழ 6.6 பில்லியன் டாலர். பொருள் வர்த்தகத்தில் விழுந்த துண்டைவிட இது அதிகம். சுற்றுலாவில் இன்னொரு 3 பில்லியன் டாலர் வந்தது.

கணக்குப் புத்தகத்தில் இந்தப் பணம் ஏற்றுமதி என்று எழுதப்படுவதில்லை. ஆனால் குவைத்திலோ ரியாத்திலோ ஒரு வீட்டில் வேலை செய்யும் பெண், தோஹாவில் கட்டட வேலை செய்யும் இளைஞர், இவர்கள் விற்பது உழைப்பு. 2022-இல் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். என்னைக் கேட்டால், இலங்கைக்கு டாலர் சம்பாதித்துத் தருவது பெரும்பாலும் பெண்களின் கைகள்: மலையில் கொழுந்து பறிக்கும் கை, தையல் இயந்திரத்தில் துணியை நகர்த்தும் கை, மத்திய கிழக்கில் யாரோ ஒருவர் வீட்டுப் பாத்திரம் கழுவும் கை. ஏற்றுமதியைப் பற்றிப் பேசும் மேடைகளில் இந்தக் கைகளுக்குரியவர்களைப் பார்ப்பது அரிது.

ஆடைத் தொழில் எப்படி இலங்கைக்கு வந்தது? பருத்திகூட விளைவதில்லையே?

வந்தது ஒரு உலகச் சட்டத்தின் ஓட்டை வழியாக. 1974 முதல் 2004 வரை பணக்கார நாடுகள், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை வாங்கலாம் என்று ஒதுக்கீடு வைத்திருந்தன. ஹொங்கொங்கும் தென் கொரியாவும் தம் ஒதுக்கீட்டைத் தீர்த்துவிட்டன. அங்கிருந்த முதலாளிகள் ஒதுக்கீடு காலியாகக் கிடக்கும் நாடுகளைத் தேடினார்கள். அதே சமயத்தில், 1977-இல் ஜே. ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். 1978-இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரிந்த, குறைந்த சம்பளத்துக்கு வேலைக்கு வரக்கூடிய இளம் பெண்கள் கிராமங்களில் இருந்தார்கள். 1980-களிலேயே ஆடை தேயிலையை முந்திவிட்டது.

2005 ஜனவரி 1 அன்று ஒதுக்கீடு முற்றாக நீங்கியபோது தொழில் படுத்துவிடும் என்று பலர் சொன்னார்கள். சிறிய ஆலைகள் நிறைய மூடப்பட்டன, உண்மைதான். ஆனால் பெரியவை உள்ளாடை, விளையாட்டு உடை என்று தரமான, கடினமான வகைகளுக்கு மாறித் தப்பித்தன. இன்றும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நேரடி வேலை தருவது இந்தத் தொழில்தான். போர் முடிந்த பிறகு கிளிநொச்சி, வவுனியா, மட்டக்களப்புப் பக்கமும் ஆலைகள் வந்தன.

ஒரு சட்டையை 10 டாலருக்கு ஏற்றுமதி செய்தால் 10 டாலரும் இலங்கைக்குத்தானே?

இல்லை. துணி சீனாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்திருக்கலாம், ஜிப்பும் பொத்தானும் வேறெங்கிருந்தோ. அதற்கெல்லாம் போனது போக மிஞ்சுவதுதான் நாட்டுக்கு. ஆடை ஏற்றுமதி கூடும்போது துணி இறக்குமதியும் கூடுவதற்கு இதுதான் காரணம்.

ஐரோப்பாவின் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை என்ன? ஏன் அதைப் பற்றி எப்போதும் பேச்சு?

மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல் தொடர்பான 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடித்தால் பெரும்பாலான பொருட்களைத் தீர்வை (இறக்குமதி வரி) இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுப்பலாம் என்பதுதான் அந்தச் சலுகை. இலங்கைக்கு 2005-இல் கிடைத்தது. மனித உரிமை நிலவரத்தைக் காரணம் காட்டி 2010 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். 2017 மே மாதம் திரும்பக் கிடைத்தது.

பலர் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. ஆடைக்கு இந்தச் சலுகை வேண்டுமானால் தைப்பது மட்டும் போதாது, துணியும் இலங்கையிலோ விதிகள் அனுமதிக்கும் நாடுகளிலோ நெய்யப்பட்டிருக்க வேண்டும். சீனத் துணியில் தைத்தால் சலுகை இல்லை. மிகவும் பின்தங்கிய நாடு என்ற பட்டியலில் இருப்பதால் பங்களாதேஷுக்கு இந்த நிபந்தனை கிடையாது, தைத்தாலே போதும். சலுகை கையில் இருந்தும் இலங்கை அதை முழுதாகப் பயன்படுத்த முடியாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். உள்ளூரில் துணி ஆலை வேண்டும் என்று தொழில்துறையினர் கேட்டுக்கொண்டே இருப்பதும் இதனால்தான்.

சிலோன் டீ என்றால் உலகப் புகழ். அப்படியானால் கொழுந்து பறிப்பவர் ஏன் ஏழையாகவே இருக்கிறார்?

1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை நட்டார். அடுத்த சில ஆண்டுகளில் கோப்பிச் செடிகளை இலைநோய் அழித்தது, கோப்பித் தோட்டங்கள் தேயிலைத் தோட்டங்களாயின. அதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களை மன்னார் வழியாக நடத்திக் கூட்டிவந்திருந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இன்று மலையகத்தில் கூடை சுமக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தூளாகும். 2024-இல் ஏற்றுமதியான தேயிலைக்குக் கிடைத்த சராசரி விலை கிலோவுக்கு 6 டாலருக்குச் சற்றுக் குறைவு. ஆக, அந்த ஒரு நாள் கொழுந்து ஏறத்தாழ 21 டாலருக்கு விலைபோகிறது. பறித்தவருக்கு 2024 செப்டம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய், அதாவது நாலரை டாலர். தொழிற்சாலை, விறகு, உரம், போக்குவரத்து, ஏலத் தரகு என்று நடுவே நிறையச் செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் சில்லறைக் கடையில் அலங்காரப் பெட்டியில் விற்கும் விலையை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. ஏறத்தாழ பாதித் தேயிலை இன்னும் மொத்தமாகவே கப்பலேறுகிறது. பெட்டியின் லாபம் வேறு நாட்டில் நிற்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தேயிலை என்றால் மலையகம் என்று நாம் நினைத்தாலும், இன்று விளைச்சலில் பெரும்பகுதி தெற்கில் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. ஈராக், துருக்கி, ரஷ்யா போன்ற நாடுகள் விரும்பி வாங்குவது அந்தத் தாழ்நிலத் தேயிலையைத்தான். 2021-இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்தபோது இரு தரப்பும் அடிபட்டன. 2021-இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த உற்பத்தி அடுத்த ஆண்டு 251 மில்லியன் கிலோவாகச் சரிந்தது.

ஈரானுக்குத் தேயிலை கொடுத்துக் கடன் அடைக்கிறார்களாமே, உண்மையா?

உண்மை. வாங்கிய எண்ணெய்க்கு 251 மில்லியன் டாலர் பாக்கி இருந்தது. ஈரான் மீதான தடைகளால் டாலரில் செலுத்த வழியில்லை. 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டுத் தேயிலையாகக் கழிக்க ஏற்பாடு செய்தார்கள். பண்டமாற்று இலங்கைக்குப் புதிதில்லை. 1952-இல் அமெரிக்காவின் எதிர்ப்பையும் மீறிச் சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கிய ஒப்பந்தம் இன்றும் பேசப்படுகிறது.

கறுவா?

தமிழ்நாட்டில் பட்டை என்பார்கள். மெல்லிய சுருளாக வரும் அசல் கறுவாவில் உலகத் தேவையின் மிகப் பெரும்பகுதி இலங்கையிலிருந்துதான் போகிறது. அதிகம் வாங்குவது மெக்சிக்கோ. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு கொடுத்தது. உரிக்கத் தெரிந்த கைகள் குறைந்து வருவதுதான் இப்போதைய கவலை.

இறக்குமதியைத் தடுத்தால் உள்ளூர் விவசாயம் வளராதா?

வளரும். அது நடந்தும் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில். 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களில் சின்ன வெங்காயமும் மிளகாயும் பொன்னாக விளைந்த காலம் அது. கிணற்று நீரை இறைத்து இறைத்து ஊற்றி வளர்த்ததைக் கொழும்புக்கு லொறி லொறியாக அனுப்பினார்கள். வெங்காயம் விற்ற காசில் கல்வீடு கட்டிய கதையை அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் சொல்வார்கள். 1977-க்குப் பிறகு சந்தை திறந்தது, வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் மலிவாக வந்து இறங்கின. அந்த விவசாயிகளுக்குப் பெரிய அடி.

ஆனால் அதே ஏழு ஆண்டுகளில்தான் கொழும்பில் பாணுக்கு விடிய விடிய வரிசை நின்றது. துணிக்குத் தட்டுப்பாடு, மருந்துக்குத் தட்டுப்பாடு. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பசிக்கொடுமை உயிர்களைக் குடித்தது. தடையால் ஒருவர் வீடு கட்டினார், இன்னொருவர் பட்டினி கிடந்தார். ஆகவே தடை நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்பதைவிட, எந்தப் பொருளுக்கு, எந்த மாதத்தில், எத்தனை காலத்துக்கு என்று கேட்பதே பயன் தரும். இன்றும் உருளைக்கிழங்குக்கும் பெரிய வெங்காயத்துக்கும் அறுவடைக் காலத்தில் இறக்குமதி வரியைக் கூட்டுவது உண்டு. வரி எப்போது கூடும், எப்போது குறையும் என்பது விவசாயிக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அது தெரியாததால், விளைச்சல் கைக்கு வரும் வாரத்திலேயே கப்பலும் வந்து சேர்கிறது.

2022-இல் என்னதான் நடந்தது?

ஒரே காரணம் இல்லை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, இரண்டும் சுற்றுலாவை முடக்கின. 2019 கடைசியில் வரியை வெட்டியதால் அரச வருமானம் விழுந்தது. சர்வதேசச் சந்தையில் வாங்கிய கடன்களின் தவணைகள் வந்து நின்றன. அப்புறம், டாலரை ஏறத்தாழ 200 ரூபாயில் பிடித்து வைத்திருந்தார்கள். வெளியே அதைவிட நல்ல விலை கிடைத்ததால் வெளிநாட்டில் உழைத்தவர்கள் வங்கியை விட்டு, உண்டியல் என்று சொல்லப்படும் தனியார் கைமாற்று வழியாகப் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். 2020-இல் 7.1 பில்லியன் டாலராக இருந்த வரவு 2022-இல் 3.8 பில்லியனாகப் பாதியாகிவிட்டது.

வங்கிகளில் நாணயக் கடிதம் (இறக்குமதிக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதி) திறக்க டாலர் இல்லை. கொழும்புத் துறைமுகத்தில் உணவுக் கன்டெய்னர்கள் காசு கட்ட முடியாமல் தேங்கிக் கிடந்தன. தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. பயன்படுத்தக்கூடிய டாலர் கையிருப்பு 50 மில்லியனுக்கும் கீழே போய்விட்டது என்று அன்றைய நிதியமைச்சர் அலி சப்ரி 2022 மே மாதம் நாடாளுமன்றத்தில் சொன்னார். அதற்கு முன்பே, ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அரசு அறிவித்திருந்தது. இந்தியா ஏறத்தாழ 4 பில்லியன் டாலர் அளவுக்கு உதவி தந்தது. தமிழ்நாட்டு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் அனுப்பியது.

பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், அதே 2022-இல்தான் ஏற்றுமதி 13.1 பில்லியன் டாலரைத் தொட்டது. அதுவரை அவ்வளவு விற்றதே இல்லை. மின்வெட்டிலும் டீசல் வரிசையிலும் தையல் ஆலைகளை ஓட்டிய அந்தப் பெண்களுக்கு யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

ரூபாயின் மதிப்பு இறங்கினால் ஏற்றுமதி தானாகக் கூடுமே?

ஓரளவுக்குத்தான். துணியையும் எரிபொருளையும் டாலரில் வாங்குபவருக்குச் செலவும் கூடவே ஏறுகிறது. முழுப் பயனும் கிடைப்பது தேயிலை, கறுவா, தென்னந்தும்பு போல மண்ணிலிருந்தே வருபவற்றுக்கு. அவற்றையோ ஒரே இரவில் அதிகமாக விளைவிக்க முடியாது.

இந்தியாவோடு சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறதே, அதனால் என்ன லாபம்?

1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையின் ஏற்றுமதி கூடியது, ஆனால் கூடிய விதத்தைப் பாருங்கள். பாமாயிலுக்கு இந்தியாவில் தீர்வை அதிகம், இலங்கையில் குறைவு. சில முதலாளிகள் இலங்கையில் பாமாயிலை இறக்கி, வனஸ்பதியாக்கி, தீர்வையின்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். செம்பிலும் இதே கதை. இந்தியா விதிகளை இறுக்கியதும் அந்த ஆலைகள் படுத்துவிட்டன. பிறகு வியட்நாம் மிளகு இலங்கை மிளகாக வேடம் போட்டு வருகிறது என்று கேரள, கர்நாடக விவசாயிகள் குரல் எழுப்பினார்கள். 2017 டிசம்பரில் இந்தியா மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலையாகக் கிலோவுக்கு 500 இந்திய ரூபாய் நிர்ணயித்தது. நேர்மையாக மிளகு நட்ட மாத்தளை விவசாயியும் அதில் சேர்ந்து அடிபட்டார்.

கொழும்புத் துறைமுகத்தில் இவ்வளவு கன்டெய்னர்கள் இறங்குகின்றன. ஏற்றுமதி ஏன் இவ்வளவு குறைவு?

அவற்றில் பெரும்பாலானவை இலங்கையின் சரக்கே இல்லை. திருப்பூரில் தைத்த பனியன் தூத்துக்குடியில் சிறிய கப்பல் ஏறிக் கொழும்பில் இறங்கி, பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பாவுக்குப் போகும். அது இந்தியாவின் ஏற்றுமதி. இலங்கைக்குக் கிடைப்பது ஏற்றி இறக்கும் கூலி. கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் திறந்திருப்பதைக் கொழும்பு கவலையோடு பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

வடக்கு, கிழக்கிலிருந்து என்ன ஏற்றுமதியாகிறது?

நண்டு, இறால், கடலட்டை. கடலட்டையை நம்மவர் யாரும் சாப்பிடுவதில்லை. அவித்து உலர்த்திச் சீனாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறது. கடலட்டைப் பண்ணைகளால் தம் கரைவலைப் பாடுகள் (கரையிலிருந்து வலை இழுக்கும் இடங்கள்) போகின்றன என்று சிறு மீனவர்கள் எதிர்ப்பதையும் சேர்த்துத்தான் இதைப் பேசவேண்டும்.

ஒரு பழைய இழப்பும் உண்டு. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயன ஆலை, வாழைச்சேனைக் காகித ஆலை மூன்றும் ஒரு காலத்தில் இறக்குமதியைக் குறைத்தவை. போர் அவற்றை முடக்கியது. ஆனையிறவு உப்பளம் மீண்டும் இயங்குகிறது. ஆனாலும் 2025 தொடக்கத்தில், மழையால் உப்பு விளைச்சல் கெட்டு, கடல் சூழ்ந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பு வாங்கியது.

அமெரிக்காவின் புதிய தீர்வை எவ்வளவு பாதித்தது?

தனி நாடாகப் பார்த்தால் இலங்கையிடம் அதிகம் வாங்குவது அமெரிக்காதான், நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. பெரும்பாலும் ஆடை. 2025 ஏப்ரலில் 44 விழுக்காடு என்று அறிவித்தார்கள், பேச்சுவார்த்தைக்குப் பிறகு 30 ஆகி, ஆகஸ்டில் 20 ஆனது. ஒரே பொருளை ஒரே வாடிக்கையாளரிடம் விற்று வாழ்பவருக்கு, அந்த வாடிக்கையாளரின் ஒரு கையெழுத்தே தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

நாற்பது ஆண்டுகளாக ஏன் அதே ஆடையும் தேயிலையும்?

போர் ஒரு காரணம். 1983 முதல் 2009 வரை புதிய முதலீட்டாளர் வரத் தயங்கினார். ஆனால் போரை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. சுங்கத் தீர்வைக்கு மேல் செஸ் வரி, துறைமுக வரி என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். வெளிநாட்டு டைல்ஸ் உள்ளே வர முடியாதபடி வரி போட்டால், உள்ளூர் டைல்ஸ் நிறுவனம் உள்நாட்டிலேயே நல்ல விலைக்கு விற்கும். கஷ்டப்பட்டு வெளிநாட்டில் சந்தை பிடிக்க அதற்கு என்ன அவசியம்? பொருள், சேவை இரண்டையும் சேர்த்த ஏற்றுமதி 2000-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 39 விழுக்காடாக இருந்தது, 2019-இல் 23 விழுக்காட்டுக்கு வந்துவிட்டது.

நம்பிக்கை தரும் இடங்களும் இருக்கின்றன: சிரட்டைக் கரியிலிருந்து செய்யும், வடிகட்டப் பயன்படும் கிளர்வுற்ற கரி (activated carbon), பளுதூக்கி வண்டிகளுக்கான திண்ம டயர், மென்பொருள் சேவை. டயர் தொழில் வளர்ந்தும் இறப்பர் மரங்களைப் புதுப்பிக்காமல் விட்டதால், இப்போது இறப்பரையே இறக்குமதி செய்கிறார்கள் என்பது வருத்தமான சங்கதி.

மத்திய வங்கி மாதந்தோறும் வெளியிடும் வர்த்தகப் புள்ளிவிவரத்தை எப்படிப் படிப்பது?

முந்திய மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஓர் எண்ணெய்க் கப்பல் 31-ஆம் தேதிக்குப் பதில் 1-ஆம் தேதி வந்தாலே ஒரு மாதக் கணக்குத் தலைகீழாகும். 2025-இல் இறக்குமதி ஏறியதைப் பார்த்தும் பதற வேண்டாம். 2020 மார்ச் முதல் தடுத்து வைத்திருந்த வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள், அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே வாகனங்களுக்கு மட்டும் 1 பில்லியன் டாலருக்கு மேல் போயிற்று. இறக்குமதி மதிப்பில் கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்திருக்கும், ஏற்றுமதி மதிப்பில் சேராது. ஆகவே பற்றாக்குறை உண்மையில் இருப்பதைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, டாலர் தொகையோடு நிறுத்தாமல் எடையையும் பாருங்கள். தேயிலை வருமானம் கூடியது என்று தலைப்பு வந்தால், கிலோ கூடியதா, கிலோவின் விலை கூடியதா என்று தேடுங்கள். விலை கூடியிருந்தால், அந்த மாதம் கொழுந்து பறித்தவரின் நாட்சம்பளம் எவ்வளவு என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.